இளநரையும் செம்பட்டையும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு போன் வந்தது. வில்லியனூரிலிருந்து என் பழைய மாணவி. இருபது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் சமூக அறிவியல் படித்தவள். இன்று அவளுக்கு எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

"சார், பாப்பாவுக்குத் தலை சீவும்போது பார்த்தேன். பின்னந்தலையில அஞ்சாறு முடி வெள்ளையா இருக்கு. நான் மாசமா இருக்கும்போது ஒழுங்கா சாப்பிடலைன்னு மாமியார் சொல்றாங்க. போர் தண்ணிதான் காரணம்னு எங்க அம்மா சொல்றாங்க. இவரு ஷாம்புவைத் திட்டுறாரு" என்று அடுக்கிக்கொண்டே போனாள். பிறகு குரல் இறங்கியது. "பள்ளிக்கூடத்துல பசங்க கிழவின்னு கூப்பிடுறாங்களாம் சார். நாளைக்குப் போகமாட்டேன்னு அழுவுறா."

நான் டாக்டர் இல்லை. "பயப்படாதம்மா, ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிவிடு" என்று சொல்லி போனை வைத்தேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் 'கிழவி' என்ற சொல்லை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன். என் வகுப்பறையில், நான் நின்றுகொண்டிருந்தபோதே.

1984-ஆம் வருஷம். பாகூர் கொம்யூனில் ஒரு பள்ளி. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். ஆறாம் வகுப்பு. தமிழாசிரியர் விடுப்பில் இருந்ததால் அந்த மணி நேரம் என்னிடம் வந்தது. ஔவையார் கதை சொன்னேன். நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் அழுதாள் இளம்பெண். ஒரே நொடியில் தலை நரைத்துக் கிழவியாகிவிட்டாள். கே.பி. சுந்தராம்பாள் நடித்த 1953-ஆம் வருஷப் படத்தை டென்ட் கொட்டகையில் பார்த்த ஞாபகத்தில் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். "ஒரே நொடியில் தலை முழுக்க வெள்ளை!" என்று நான் சொன்னதும் வகுப்பு மொத்தமும் திரும்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தது. அங்கே ஒரு பெண். பதினோரு வயது. இரட்டைப் பின்னலில் வெள்ளை இழைகள் நன்றாகத் தெரியும். எவனோ "சார், ஔவைக் கிழவி இங்கேயே இருக்கு சார்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவள் வந்தபோது தலை கன்னங்கரேல் என்று இருந்தது. விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்துத் தடவியிருக்கிறாள். பத்து மணி வெயிலில் பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்றபோது அது கரைந்து, காதோரம் வழிந்து, வெள்ளைச் சட்டையின் காலரில் இறங்கியது. அன்றைக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் அதட்டவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் முழுக்க அலமாரியைக் குடைந்து, பேரனை இணையத்தில் தேடச் சொல்லி, நரையின் சரித்திரத்தைத் திரட்டினேன். வாத்தியார் புத்தி.

நம் பழைய இலக்கியத்தில் நரைக்கு மரியாதை அதிகம். பழமொழி நானூறு சொல்லும் சோழன் கதை உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கு கொண்டு வந்த முதியவர்கள், 'இவ்வளவு சின்னப் பையன் என்ன தீர்ப்பு சொல்லிவிடப் போகிறான்' என்று தயங்கினார்கள். அவன் உள்ளே போய் நரைமுடியை அணிந்து முதியவர் வேடத்தில் வந்து நீதி சொன்னான். அந்தச் சோழன் கரிகாலன் என்பது வழக்கு. புறநானூற்றில் பிசிராந்தையாரைப் பார்த்து, இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். அவர் எண்ணெயையும் மூலிகையையும் சொல்லவில்லை. நல்ல மனைவி, அறிவு நிறைந்த பிள்ளைகள், குறிப்பறிந்த ஏவலர், முறைதவறாத மன்னன், ஊரில் சான்றோர் பலர், அதனால் கவலை இல்லை, கவலை இல்லாததால் நரை இல்லை என்கிறார். (இந்தப் பட்டியலில் பாதி வாய்த்தால்கூட எனக்கு இன்னும் பத்து வருஷம் கழித்து நரைத்திருக்கும்.)

கரிகாலன் தானாக நரையை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஔவை கேட்டு வாங்கினாள். பிசிராந்தையார் வராததற்குக் காரணம் சொன்னார். மூன்று பேரும் பெரியவர்கள், நரை அவர்கள் கையாளக்கூடிய ஒரு விஷயம். கேட்காமலே நரை வந்த குழந்தை என்ன செய்யும் என்று இந்தக் கதைகள் எதுவும் பேசவில்லை.

வைத்திய நூல்கள் பேசுகின்றன. சுசுருத சம்ஹிதை கோபம், துக்கம், உடல் உழைப்பு மூன்றாலும் உடம்பின் சூடும் பித்தமும் தலைக்கேறி முடியைப் பழுக்க வைக்கின்றன என்கிறது. நம் ஊரில் 'பித்தநரை' என்று சொல்கிறோமே, அந்த எண்ணம் எத்தனை பழையது என்று பாருங்கள். சித்தர் மரபில் நரை, திரை, மூப்பு மூன்றையும் வெல்லுவதே பெரிய கனவு. அதற்கு அவர்கள் கைகாட்டிய மூலிகைகளில் முக்கியமானது கரிசலாங்கண்ணி. கடலூரைத் தாண்டினால் வடலூர். அங்கே வள்ளலார் அந்தக் கீரையைத் தினமும் உண்ணச் சொன்னார். பாகூர் ஏரிப் பாசன வயல்களில் வரப்போரம் தானாக முளைத்துக் கிடக்கும். என் பாட்டி அதை இடித்துச் சாறெடுத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவார். வீடே பச்சை வாசம் அடிக்கும். அந்த எண்ணெய் தலைக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெள்ளையாக வளர்ந்துவிட்ட முடியை அது கறுப்பாக்கி நான் பார்த்ததில்லை.

ஏன் ஆக்காது என்பதற்கு ஒரு ராணியின் கதை. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா தாத்தா இருந்தார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குப் பிரான்ஸ் கதை சொல்வார். 1793-ல் ராணி மாரி அந்துவானேத்தின் தலையை வெட்டப் போவதற்கு முந்தின ராத்திரி, பயத்தில் அவள் முடி முழுக்க வெளுத்துவிட்டதாம். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். இந்தக் கதை உலகம் முழுக்கப் பிரபலம். அவள் பெயரிலேயே மருத்துவத்தில் ஒரு சொல்லும் உண்டு. ஆனால் நடக்க முடியாத கதை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத நார். அதன் நிறம் ராத்திரியோடு ராத்திரியாக மாறாது. முடியின் வேரில் மெலனோசைட் என்ற செல்கள் மெலனின் என்ற நிறமியைச் செய்து, வளர்கிற முடிக்குள் ஏற்றி அனுப்புகின்றன. செம்பு கலந்த ஒரு நொதி இல்லாமல் அந்த வேலை நடக்காது. செல்கள் தீர்ந்துபோனாலோ வேலையை நிறுத்தினாலோ, அதற்குப் பிறகு வளரும் முடிதான் வெள்ளையாக வரும். ஒரு வெள்ளை முடியைப் பிடுங்கினால் ஒன்பது முளைக்கும் என்பார்கள், அதுவும் பொய். ஒரு குழியில் பிடுங்கினால் பக்கத்துக் குழிக்குத் தெரியாது.

துக்கத்தால் நரைக்கும் என்ற சுசுருதரின் பேச்சை மட்டும் முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. 2020-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கடும் மன அழுத்தத்துக்கு உள்ளான எலிகளில் நரம்பிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் இந்த நிறச் செல்களின் கையிருப்பைக் காலி செய்வதைக் காட்டினார்கள். எலிகளில்தான்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியென்றால் ஒரு குழந்தையின் முடி, வேரிலிருந்து நுனி வரை, பின்னோக்கி எழுதிய ஒரு நாட்குறிப்பு. நுனியில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய சேதி, வேரில் இந்த மாதச் சேதி. பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டைத் தடவிப் பார்க்க உங்களை வரிசையாக நிற்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கல்லைப் படிக்கச் சொல்லிக் கொடுத்த எனக்கு, எதிரே உட்கார்ந்திருந்த தலைகளைப் படிக்கத் தெரியவில்லை. நான் மூன்றாவது பெஞ்சைச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சைச் சொல்கிறேன்.

அங்கே செம்பட்டை முடியோடு பிள்ளைகள் இருந்தார்கள். காய்ந்து, மெலிந்து, சோளக் கதிரின் நார் மாதிரி. இழுத்தால் வலிக்காமல் கையோடு வரும். எண்ணெய் காணாத தலை, வெயிலில் சுற்றுகிற தலை என்று நாங்கள் சொல்லிவிடுவோம். வெயிலும் தூசியும் முடியை வெளுக்க வைக்கும் என்பது உண்மைதான். செம்பட்டை எல்லாம் பட்டினி இல்லை. ஆனால் எது பட்டினி, எது வெயில் என்று பிரித்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அதைப் பிரித்துப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்தவர். பிரிட்டிஷ் அரசின் மருத்துவராக ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரைக்கு, இன்றைய கானாவுக்குப் போனார். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் வெளுத்துச் சாவதைப் பார்த்தார். 1933-ல் அதைப் பற்றி எழுதினார். இது ஏற்கெனவே தெரிந்த பெலாக்ராதான் என்று மறுத்தார்கள் பெரிய டாக்டர்கள். அந்த அம்மாள் விடவில்லை. உள்ளூர்ப் பெண்களிடம் இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். அவர்கள் சொன்ன பெயரையே 1935-ல் லான்செட் இதழில் போட்டார்: குவாஷியோர்கர். கா மொழிச் சொல். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள்.

இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். நமக்குத்தான் இந்தச் சொல் இருக்கிறதே! சவலை. சவலைப்பிள்ளை. அம்மா அடுத்ததை வயிற்றில் வாங்கியதும் பால் மறந்து இளைத்துப்போகிற குழந்தை. எங்கேயோ ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு தாயும், இங்கே பாகூர் பக்கம் நடவுக்குப் போகும் ஒரு தாயும், ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகம் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ முன்னால். பெயர் இருந்தது, மருந்து என்ன என்பதுதான் தெரியவில்லை. மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம்.

மருந்து சோறும் பருப்பும்தான் என்பதை நிறுவியதில் நம் பக்கத்து ஆளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அங்கே வேலை செய்தவர் டாக்டர் சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர், நூறு வயதைத் தாண்டி 2019-ல் மறைந்தார். ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைக்காத பாலையும் இறைச்சியையும் எழுதிக்கொடுப்பதால் என்ன பயன்? நம் ஊர்ப் பயறும் பருப்புமே அந்தக் குழந்தைகளைத் தேற்றும் என்று அவரும் அவருடைய சகாக்களும் 1950-களில் காட்டினார்கள். 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கெல்லாம் பின்னணியில் இப்படிப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன.

பட்டினிக்கும் முடிக்கும் உள்ள உறவை ஒரே பார்வையில் காட்டுவது 'கொடி அடையாளம்' என்று மருத்துவர்கள் சொல்வது. நல்ல சாப்பாடு கிடைத்த மாதங்களில் வளர்ந்த முடி கறுப்பு, கிடைக்காத மாதங்களில் வளர்ந்தது வெளுப்பு, மறுபடி கறுப்பு. ஒரே முடியில் பட்டை பட்டையாக, கொடியின் நிறங்கள் மாதிரி. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கூலி வேலை இருக்காது. வீட்டில் கடைசி நெல்லும் தீர்ந்திருக்கும். தை அறுவடைக்குப் பிறகுதான் அடுப்பு ஒழுங்காக எரியும். நம் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் தலையில் அந்த மாதங்கள் எழுதப்பட்டிருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. நான்தான் உட்கார்ந்து பார்க்கவில்லை.

அந்தத் தலைகளை மாற்றியதில் பள்ளிக்கூடச் சோற்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். மதிய உணவு என்றதும் எல்லோரும் காமராஜரைச் சொல்வார்கள், சரிதான். 1956-ல் அவர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். அதற்கு முன்பே 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிட்டி தியாகராயர் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஆனால் நம் புதுச்சேரிக்கு வேறு சரித்திரம் உண்டு. அது நம் பிள்ளைகளுக்கே தெரியாது. இங்கே 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவிட்டது. 1954-ல் கொடி மாறியது, 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம், சோறு நிற்கவில்லை. 2002-ல் ராஜீவ் காந்தி பெயரில் காலை உணவும் வந்தது. பிரெஞ்சுக்காரனைப் புகழ நான் எழுதவில்லை. அந்தச் சோறு ஒவ்வொரு கிராமத்துக் கடைசிப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. ஆனாலும் ஒரு பிள்ளை பசித்தால் பாடம் ஏறாது என்பதை ஒரு அரசாங்கம் அத்தனை சீக்கிரம் கணக்கில் எடுத்தது பெரிய விஷயம்.

நானே அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அலுமினியத் தட்டு, சோறு, தண்ணீராக ஒரு சாம்பார். என் கூட உட்கார்ந்தவர்களில் சிலர் அந்த ஒரு வேளைக்காகவே வந்தார்கள். சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பிடிக்காத பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பிறகு வாத்தியாராக வந்ததும் அதை மறந்துவிட்டேன். இன்று வில்லியனூர், பாகூர் பக்கம் பள்ளி விடும் நேரத்தில் நின்று பார்த்தால், அந்தச் சோள நார்த் தலைகளைக் காண்பது அபூர்வம்.

சரி, வில்லியனூர் பாப்பாவின் வெள்ளை முடிக்கு வருகிறேன். அது செம்பட்டை இல்லை. அவள் வீட்டில் பட்டினியும் இல்லை. இருந்தாலும் வயிறு நிறைந்த வீட்டிலும் ஒரு குறை ஒளிந்துகொள்ளலாம் என்பதற்கு நம் வேலூரே சாட்சி. 1962-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள், எடையும் மோசமில்லை, ஆனால் மந்தமாகக் கிடந்தன, கற்ற அசைவுகளை மறந்தன, கைகால் தானாக நடுங்கின, தோல் கறுத்தது. காரணம் தாயின் உடம்பில் பி12 வைட்டமின் இல்லை, அதனால் பாலிலும் இல்லை. அந்த வைட்டமினையே 1948-ல்தான் உலகம் பிரித்தெடுத்தது. அதைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறின. இந்த வகைக் குழந்தைகளிடம் முடியும் மெலிந்து வெளிறிப்போவதை இந்திய மருத்துவர்கள் பலர் குறித்திருக்கிறார்கள். பி12 குறைவால் நரைத்து, ஊசி போட்ட பிறகு முடி கறுப்பாக வளர்ந்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

பி12 கீரையில் இல்லை, பருப்பில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், ஈரல் இவற்றில்தான். மணப்பட்டுப் பக்கத்திலிருந்து கூடையில் மத்தியும் நெத்திலியும் கொண்டுவந்து விற்ற அம்மாக்கள் நமக்கு என்ன கொடுத்தார்கள் என்பது இப்போது புரிகிறது. அதனால் சொல்கிறேன், பிள்ளைக்கு நரை என்றால் மாமியாரோடு சண்டை போடுவதற்குப் பதில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தசோகை, பி12, இரும்பு, தைராய்டு. தோலில் வெண்திட்டு இருக்கிறதா என்றும் டாக்டர் பார்ப்பார். குறை இருந்தால் தீர்க்கக்கூடியது, அதைத் தீர்ப்பது முடிக்காக இல்லை, பிள்ளையின் மூளைக்காக, நரம்புக்காக.

உறவுகளுக்கு மட்டும் இன்னொரு விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் அதிகம். பிறக்கும்போதே முடி வெள்ளி நிறமாக மின்னி, குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சலும் தொற்றும் வந்தால் காத்திருக்காதீர்கள். 1978-ல் பாரிசில் கிரிசெல்லி என்ற மருத்துவர் விவரித்த ஒரு பரம்பரை நோய் அப்படித்தான் தொடங்கும். மிக அபூர்வம். ஆனால் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் வர வாய்ப்பு கூடுதல். அதே மாதிரி, நெற்றிக்கு மேலே ஒரு கொத்து மட்டும் பிறவியிலேயே வெள்ளை, கண்ணும் நீலம் என்றால் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று உடனே சோதியுங்கள். 1951-ல் வார்டன்பர்க் என்ற டச்சு மருத்துவர் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். 'ராசியான பிள்ளை' என்று கொஞ்சிக்கொண்டே இரண்டு வருஷத்தை விட்டுவிடக் கூடாது.

இவை எல்லாம் இல்லை, ரத்தமும் சரியாக இருக்கிறது, பிள்ளை ஓடி ஆடுகிறது என்றால்? பெரும்பாலும் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்கோ சீக்கிரம் நரைத்திருக்கும். நம் பக்கம் 25 வயதுக்கு முன் வந்தால்தான் இளநரை என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். 2016-ல் லத்தீன் அமெரிக்காவில் 6,000 பேருக்கு மேல் ஆராய்ந்து, நரையோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை முதல் முறையாகக் கண்டார்கள். ஐ.ஆர்.எஃப்.4 என்று பெயர். அது முழுக் கதை இல்லை, ஒரு சின்னப் பங்குதான். ஆனால் ஷாம்பு, போர் தண்ணீர், மாசமாக இருந்தபோது சாப்பிடாத கீரை இவற்றைவிட அது பெரிய காரணம்.

குழந்தைக்கு டை மட்டும் வேண்டவே வேண்டாம். 1907-ல் பாரிசில் யூஜென் ஷூலர் என்ற இளம் வேதியியலாளர் முடிச்சாயம் கலக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை கறுப்புச் சாயத்தின் முக்கிய சரக்கு பெரும்பாலும் ஒரே குடும்பத்து ரசாயனம்தான். பெரியவர்களுக்கே முகம் வீங்கிக் கொப்பளிக்கிறது. கடைத்தெருவில் 'கறுப்பு மருதாணி' என்று விற்பதிலும் பல சமயம் அதுதான் கலந்திருக்கும்.

அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணை நான் அப்புறம் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால். வேறு பள்ளி. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது. தலை பாதிக்கு மேல் வெள்ளை, சாயம் இல்லை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, ஒரு முழம் கனகாம்பரம். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. "நல்லா இருக்கீங்களா சார்" என்றார். விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

என்ன சொல்வது என்று தெரியாமல் பையன் பக்கம் திரும்பினேன். காதுக்கு மேலே இரண்டு மூன்று வெள்ளை முடி. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். பையன் தலையைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பா வீட்டுச் சொத்து சார். நிலம்தான் வரலை, இதாவது வந்துச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வரிசையில் அடுத்தவர் சான்றிதழை நீட்டிவிட்டார். அவரும் போய்விட்டார். அவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தால் இதைப் படிக்கட்டும். அம்மா, அன்றைக்கு நான் சிரித்தது தப்பு.

வில்லியனூர் மாணவிக்கு: திங்கட்கிழமை பாப்பாவின் வகுப்பு டீச்சரை நீயே போய்ப் பார். நான் எழுதியதைக் காட்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்குப் போன் பண்ணு, ராத்திரி ஒன்பது மணி ஆனாலும் பரவாயில்லை.